வாசிக்கத் தெரியும் முன்பே எழுதச் சொல்கிறோம்

முதல் வரி: அ = 10. இரண்டாம் வரி: ஆ = 20. மூன்றாம் வரி: அ = ஆ. இப்போது அ எவ்வளவு, ஆ எவ்வளவு?

நிரல் எழுதிப் பழகியவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார், இரண்டும் 20 என்று. பள்ளியில் இயற்கணிதம் படித்ததோடு சரி, பிறகு கணினியின் உட்புறத்தை எட்டிப் பார்க்காத ஒருவருக்கு அந்த மூன்றாம் வரி ஒரு பொய். பத்தும் இருபதும் எப்படிச் சமமாகும்? இன்னொருவர் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும் என்பார். மற்றொருவர் அ 20 ஆகும், ஆ காலியாகிவிடும் என்பார். ஒரு குடத்துத் தண்ணீரை அடுத்த குடத்தில் ஊற்றினால் அப்படித்தானே ஆகும்? வேறொருவர் 10-உம் 20-உம் சேர்ந்து 30 என்பார். இந்தப் பதில்களில் எதுவும் மடத்தனமில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த மனிதர் அதுவரை கண்டறிந்த உலகத்தின் நியாயம் ஒன்று இருக்கிறது.

இதே கேள்வியை வைத்துக்கொண்டு லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் 2006-இல் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் இத்தகைய கேள்விகளைக் கொடுத்தார்கள். பதில் சரியா தவறா என்பதைவிட, எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறாரா என்று பார்த்தார்கள். ஒரே விதியில் நின்றவர்கள் தேறினார்கள், கேள்விக்குக் கேள்வி விதியை மாற்றியவர்கள் தோற்றார்கள் என்பது அவர்கள் சொன்ன முடிவு. நிரல் எழுத வரும் கூட்டம், வராத கூட்டம் என்று மனிதர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். மதிப்பெண் வரைபடம் இரட்டைத் திமில் ஒட்டகம் போல இருக்கிறது. கற்பித்து இதை மாற்ற முடியாது. கட்டுரை நெருப்பாகப் பரவியது. பல ஆசிரியர்கள் உள்ளூர நம்பியதற்கு அது முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது.

2014-இல் போர்னாட் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி மனிதர்களைப் பிரித்துக் காட்டும் சோதனை எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று பகிரங்கமாகவே எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, எலிசபெத் பட்டிட்சாஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கணினியியல் வகுப்புகளிலிருந்து 778 மதிப்பெண் பரவல்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு திமில் இருப்பதாகக் கருதக்கூடியவை 5.8 விழுக்காடு மட்டுமே. அவர்கள் செய்த இரண்டாவது காரியம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இரட்டைத் திமில் இல்லாத வரைபடங்களைக் கணினியியல் பேராசிரியர்களிடம் காட்டினார்கள். நிரலாக்கம் பிறவித் திறமை என்று நம்பிய பேராசிரியர்களுக்கே அவற்றில் இரண்டு திமில்கள் அதிகம் தென்பட்டன.

திரும்பப் பெற்ற செய்தி, முதலில் பரவிய செய்தியின் வேகத்தில் பரவவில்லை. இன்றும் ‘எல்லாருக்கும் கோடிங் வராது’ என்ற வாக்கியத்தைப் பயிற்சி மையங்களிலும் அலுவலகங்களிலும் கேட்கலாம். பதினெட்டு வயதில் ஒரு தாளில் தோற்றவனுக்கு அடுத்த பருவம் இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில், அலுவலகம் முடிந்து, குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கும் ஒரு கணக்காளருக்கு அந்த வாக்கியம் போதும். மூடி வைத்துவிடுவார். பெரியவர்களுக்கு நிரல் கற்பிப்பதைப் பற்றிப் பேசும்போது இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் தோற்றதற்குக் காரணம் அவருடைய மூளை என்று சொல்வதற்கு முன், அவருக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையைப் பரிசோதித்தோமா?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டனி ராபின்ஸ் 2010-இல் இதற்கு வேறொரு விளக்கம் கொடுத்தார். நிரலாக்கத்தில் கருத்துகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. மாறி, அதாவது மேலே பார்த்த அ, ஆ போல மதிப்பைத் தாங்கும் பெயர், புரியாமல் அதற்கு மதிப்புக் கொடுப்பது புரியாது. அது புரியாமல் லூப், அதாவது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளை, புரியாது. லூப் புரியாமல் பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வரலாற்றுப் பாடத்தில் சோழரைத் தவறவிட்டவர் விஜயநகரத்தைப் படித்துத் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. முதல் வாரத்தில் ஒரு கண்ணியைப் பிடித்தவருக்கு அடுத்த கண்ணி எளிதாகிறது. நழுவவிட்டவருக்கு ஒவ்வொரு வாரமும் கடினம் கூடுகிறது. கடைசித் தேர்வில் இருவருக்கும் இடையே தெரியும் பெரிய பள்ளம் முதல் வாரத்தின் சிறு விரிசலாக இருந்திருக்கக்கூடும். இந்த விளக்கம் சரி என்றால், ஆசிரியரின் உழைப்பு மிக அதிகமாகத் தேவைப்படுவது தொடக்க நாட்களில்தான். நடைமுறையில் தொடக்க நாட்கள்தான் வேகமாக ஓட்டப்படுகின்றன.

கற்பித்தல் சரியாக நடக்கவில்லை என்பதற்கான ஆதாரம் 2001-இலேயே மேசைக்கு வந்துவிட்டது. மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களிடம் ஒரு எளிய கணிப்பானுக்கு நிரல் எழுதச் சொன்னது. மொத்த மதிப்பெண் 110. கிடைத்த சராசரி 22.89. மாணவர்களுக்குச் சிக்கலைப் பிரித்துத் தீர்வு வடிவமைக்கத் தெரியவில்லை என்பதே அப்போதைய விளக்கம். ரேமண்ட் லிஸ்டரும் வேறு நாடுகளின் ஆய்வாளர்களும் 2004-இல் கீழே ஒரு படி இறங்கிப் பார்த்தார்கள். எழுதச் சொல்லவில்லை, எழுதப்பட்ட சில வரிகளைக் கொடுத்து, இது ஓடி முடிந்ததும் மாறியில் என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டார்கள். அதிலேயே பலர் தடுமாறினார்கள்.

எனக்கு இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுவது இதுதான். ஒரு குழந்தைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும் முன்பே கட்டுரை எழுதச் சொல்லி, எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளும் ஆசிரியரை நாம் ஏற்க மாட்டோம். நிரல் வகுப்புகளில் ஐம்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

ஏன் எழுதுவது இத்தனை கனமாக இருக்கிறது? உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் மனிதன் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவை ஏழு, இரண்டு கூடக்குறைய என்று எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அந்த எண்ணை நான்கு அளவுக்கு இறக்கினார். செயல்நினைவு என்று சொல்லப்படும் இந்த மேசை எல்லாருக்குமே சிறியது. முதன்முறையாக ஒரு லூப் எழுதுபவரின் மேசையில் என்னென்ன கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தீர்க்க வேண்டிய கணக்கு, லூப் எப்போது நிற்க வேண்டும் என்ற நிபந்தனை, கூட்டுத்தொகை இப்போது எவ்வளவு, முக்காற்புள்ளி எங்கே வரும், அடுத்த வரியை எத்தனை இடம் தள்ளித் தொடங்குவது, அடைப்புக்குறி விசைப்பலகையில் எங்கே இருக்கிறது, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள். நான்கு இடமுள்ள மேசையில் ஏழு பாத்திரங்கள். ஒன்று விழுந்தே தீரும். விழுவது பெரும்பாலும் கணக்கேதான். திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். தான் என்ன செய்ய வந்தோம் என்பது மறந்துபோயிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர் 1980-களில் இதை அறிதல் சுமை என்ற கோட்பாடாக வளர்த்தார். அவரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தை வைத்துச் செய்த சோதனை எளிமையானது. ஒரு குழுவுக்குக் கணக்குகளைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குப் பாதி இடங்களில் படிப்படியாகச் செய்து காட்டிய கணக்குகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு வந்த ஒத்த கணக்குகளை இரண்டாவது குழு வேகமாகவும் குறைந்த பிழையோடும் போட்டது. உழைத்துத் தானே கண்டுபிடித்தால்தான் மனத்தில் நிற்கும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது எதிரானது. விடையைத் தேடி அலைவதிலேயே மேசை நிறைந்துவிடுகிறது, கற்றுக்கொள்ள இடம் மிஞ்சுவதில்லை என்று ஸ்வெல்லர் விளக்கினார்.

நம் கணிதப் பாடநூல்களில் ‘எடுத்துக்காட்டு’ என்ற தலைப்பில் செய்து காட்டிய கணக்குகள் வரிசையாக இருக்கும். பிறகுதான் ‘பயிற்சி’ வரும். நிரலாக்க வகுப்புகளில் ஒரே ஒரு எடுத்துக்காட்டு, அதுவும் ஓடுகிற ஓட்டத்தில். அடுத்த நிமிடம், ‘இப்போது நீங்களே ஒன்று எழுதுங்கள்.’

திறமைசாலியின் மேசை மட்டும் பெரிதா? அதையும் சோதித்திருக்கிறார்கள். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் சதுரங்கப் பலகையை ஐந்து விநாடி காட்டி மூடினார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் காய்களை அப்படியே திரும்ப அடுக்கினார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது அவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. பென் ஷ்னைடர்மன் 1976-இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலை வைத்து இதையே செய்தார். ஒழுங்கான நிரலை அனுபவசாலிகள் நன்றாக நினைவிலிருந்து எழுதினார்கள். வரிகளைக் கலைத்துப்போட்டதும் அந்த மேன்மை கரைந்தது. தேர்ந்தவருக்கு நினைவு பெரிதில்லை. புதியவர் பத்து வரிகளாகப் பார்ப்பதை அவர் ‘சராசரி கண்டுபிடிக்கும் லூப்’ என்ற ஒற்றைப் பொருளாகப் பார்க்கிறார். நிறைய வாசித்து வாசித்துச் சேர்ந்த கண் அது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளைகள் முழு எண்களோடு மா, காணி, முந்திரி என்ற பின்னங்களின் பெருக்கலையும் நாக்கில் வைத்திருந்தார்கள். நிலத்தை அளக்கும்போது பெருக்கல் தானாக வந்துவிடும், மனம் நிலத்தின் மேல் இருக்கும். அந்தப் பள்ளிகளின் பிரம்பையும் சாதியையும் மறந்து அவற்றைப் போற்ற முடியாது. ஆனால் சிறியவற்றை நாக்குக்கும் விரலுக்கும் ஒப்படைத்துவிட்டால் பெரியதற்கு மனத்தில் இடம் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நிரலாக்க ஆசிரியர்கள் ‘மனப்பாடம் வேண்டாம், புரிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். புரிந்துகொள்வதற்கு இடம் வேண்டாமா?

வாசிப்புக்கும் எழுத்துக்கும் நடுவே நிற்கும் பயிற்சி ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்தியது. சரியான நிரலின் வரிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கலைத்துக் கொடுப்பார்கள்; கற்பவர் ஒழுங்காக அடுக்க வேண்டும். முக்காற்புள்ளியைப் பற்றிய கவலை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. எது முதலில், எது லூப்பின் உள்ளே, எது வெளியே என்று மட்டும் யோசித்தால் போதும். பார்பரா எரிக்சனும் பிறரும் 2017-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அடுக்கியவர்கள் எழுதியவர்களைவிடக் குறைந்த நேரத்தில் முடித்தார்கள், கற்றதில் குறை இல்லை. நாளில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஒருவருக்கு மிச்சமாகும் அந்த நேரம் பெரிய வரம். பேருந்தில் உட்கார்ந்தபடி கைப்பேசியிலேயே செய்யக்கூடிய பயிற்சியும் இது.

பார்வையைக் கற்பவரிடமிருந்து இயந்திரத்துக்குத் திருப்புவோம். ராய் பீ 1986-இல் புதியவர்களின் தவறுகளைத் தொகுத்தபோது அவற்றுக்கெல்லாம் வேர் ஒன்று இருப்பதாகக் கண்டார். கணினிக்குள்ளே நாம் சொல்லவருவதைப் புரிந்துகொள்ளும் மனம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை. மனிதரிடம் பேசும்போது பாதி சொன்னால் மீதியை அவர் நிரப்பிக்கொள்வார். ‘அந்த இதை எடுத்து அங்கே வை’ என்றால் வீட்டில் வேலை நடந்துவிடும். வாழ்நாள் முழுவதும் அப்படிப் பேசிப் பழகிய பெரியவர், கணினியும் நிரப்பிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அனுபவம் கூடியவரிடம் இந்த எதிர்பார்ப்பு ஊறிப்போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அதே ஆண்டில் பெனடிக்ட் து போலே ஒரு பிரபலமான உவமையின் ஆபத்தைச் சுட்டினார். மாறி என்பது பொருள் போட்டுவைக்கும் பெட்டி என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறோம். பெட்டியில் இரண்டு பொருள்கள் போடலாமே! எனவே முன்பு போட்ட 10-உம் உள்ளேயே இருக்கும் என்று கற்பவர் நினைக்கிறார். இக்கட்டுரையின் தொடக்கத்தில் 30 என்று பதில் சொன்னவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நாம் சொன்ன உவமையை நம்பியவர். கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்து, புதியது எழுதும்போது பழையதை அழிப்பது பெட்டியைவிட நேர்மையான படம். பிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய பைதான் டியூட்டர் என்ற கருவி இதைத் திரையில் செய்கிறது: ஒவ்வொரு வரியாக நிரலை நகர்த்தி, மாறிகளின் மதிப்பு மாறுவதைக் கண்முன் காட்டும். அது இல்லாவிட்டாலும் ஒரு தாள், ஒரு பென்சில், மாறிக்கு ஒரு நெடுவரிசை. கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸ் பரிந்துரைக்கும் முறையில் இப்படித் தாளில் ஊகிப்பதே முதல் படி: நிரலை ஓட்டும் முன் என்ன வரும் என்று ஊகித்து எழுது, பிறகு ஓட்டு, ஊகம் பொய்த்த இடத்தைத் துருவு, சிறிது மாற்று, கடைசியில்தான் சொந்தமாக ஒன்று செய்.

இவை தனித்தனி ஆய்வுகள். இவற்றைப் பெரியவர்களின் வகுப்பறைக்குள் கொண்டுசேர்க்க மனமார முயன்ற ஒரு முயற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1998-இல் கிரெக் வில்சனும் பிரெண்ட் கோர்டாவும் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் விஞ்ஞானிகளுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்தினார்கள். ‘மென்பொருள் தச்சு’ என்று பொருள்படும் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்பது அதன் பெயர். கற்க வந்தவர்கள் இயற்பியலும் உயிரியலும் கரைத்துக் குடித்தவர்கள். நிரல் மட்டும் தட்டுத்தடுமாறி, யாரிடமும் முறையாகக் கற்காமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள். பிற்காலத்தில் அது தன்னார்வலர்கள் நடத்தும் இரண்டு நாள் பட்டறையாக மாறி உலகெங்கும் பரவியது. 2018-இல் டேட்டா கார்ப்பென்ட்ரியோடு இணைந்து ‘தி கார்ப்பென்ட்ரீஸ்’ ஆனது.

தொழில்நுட்பம் தெரிந்தால் மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட முடியாது என்று அவர்கள் முடிவு செய்ததுதான் திருப்பம். பட்டறை நடத்த விரும்புகிறவர் முதலில் கற்றல் உளவியலில் பயிற்சி பெற வேண்டும். செயல்நினைவு, அறிதல் சுமை, தேர்ந்தவரின் கண்மறைப்பு எல்லாம் அதில் பாடம். தேர்ந்தவருக்குத் தான் எப்போது இதைக் கற்றோம் என்பதே மறந்துபோயிருக்கும். புதியவர் எங்கே தடுக்குவார் என்பது தெரியாது. அப்பயிற்சியில் வலியுறுத்தப்படும் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ‘இது எளிது’, ‘சும்மா இதைச் செய்தால் போதும்’ போன்ற சொற்களை வகுப்பில் பயன்படுத்தாதே. நம் ஊர் வகுப்புகளில் ‘இதெல்லாம் ரொம்ப ஈஸிங்க’ என்பது தைரியம் கொடுப்பதற்காகச் சொல்லப்படும் வாக்கியம். எளிதென்று சொன்னதே தனக்கு வரவில்லையென்றால் தான் எப்பேர்ப்பட்டவன் என்ற கேள்வியோடு கற்பவர் வீட்டுக்குப் போகிறார். ஐம்பது வயதில், முப்பது பேர் முன்னால், தன்னைவிட இருபது வயது இளையவரிடம் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்பது எவ்வளவு கூசும் காரியம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கூச்சத்துக்கு அவர்கள் வைத்த மருந்து இரண்டு நிற ஒட்டுத்தாள். முடித்துவிட்டேன் என்றால் பச்சையை மடிக்கணினியின் மேல் ஒட்டு. உதவி வேண்டுமென்றால் சிவப்பை ஒட்டு. கையைத் தூக்க வேண்டாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கை ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலையைத் தொடரலாம், உதவியாளர் வந்துவிடுவார். வருகிற உதவியாளர் கற்பவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது. பிடுங்கிச் சரிசெய்துகொடுத்தால் பிழை போகும், பிழையைப் போக்கும் வழி கற்பவருக்குத் தெரியாமலே போகும். இடைவேளைக்குக் கிளம்பும்போது அதே தாள்களில் ஒன்றில் பிடித்ததையும் மற்றொன்றில் புரியாததையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பாடத்தைப் படவில்லைகளாகக் காட்டுவதில்லை. ஆசிரியர் எல்லார் கண்முன்னும் வெற்றுத் திரையில் தட்டச்சு செய்கிறார், கற்பவர்களும் கூடவே செய்கிறார்கள். தட்டச்சு செய்வதால் ஆசிரியரின் வேகம் தானாகக் குறைகிறது. அவரும் பிழை செய்கிறார். சிவப்பு எழுத்தில் வரும் செய்தியை அவர் எப்படி வாசிக்கிறார், முதலில் எந்த வரியைப் பார்க்கிறார், எதைச் சந்தேகிக்கிறார் என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். அச்சிட்ட புத்தகத்தில் இது கிடைக்காது. பட்டறையில் தொழில் கற்கும் பையன் ஆசாரியின் கையைப் பார்த்துக் கற்பதுபோல என்று சொல்லலாம். அந்த அமைப்பின் பெயரிலேயே தச்சு இருக்கிறதல்லவா.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பலவிடைக் கேள்வி வரும். அதன் தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலைக் காட்டிக்கொடுக்கும்படி செதுக்கப்பட்டவை. நாம் தொடக்கத்தில் பார்த்த இடமாற்றம், காலி, 30 எல்லாம் அந்த வகைதான். பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மறுபடியும் பதில் சொல்லும் முறையை ஹார்வர்டின் எரிக் மசூர் 1990-களில் இயற்பியலுக்குக் கொண்டுவந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அதைக் கணினியியல் பாடங்களில் பின்பற்றியபோது தோல்வி விகிதம் சராசரியாக 20 விழுக்காட்டிலிருந்து 7 ஆக இறங்கியதாக லியோ போர்ட்டர் குழு 2013-இல் எழுதியது.

இத்தனை சிறப்பும் சொல்லிவிட்டு, இரண்டு நாள் போதுமா என்று கேட்காமல் விட்டால் அது நேர்மையாகாது. டேவிட் ஃபெல்டன் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 53 நிறுவனங்களில் உயிரியல் முனைவர் பட்டத்துக்குப் படித்த 294 பேரைப் பின்தொடர்ந்தது. குறுகிய காலப் பயிற்சி முகாம்களுக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் ஆராய்ச்சித் திறனில் அளக்கத்தக்க வேறுபாடு இல்லை. அது குறிப்பாக இந்த அமைப்பைப் பற்றிய ஆய்வு அல்ல. இருந்தாலும் அடைமழையாகப் பெய்து ஓடிப்போவதைவிட விட்டுவிட்டுப் பெய்வதே மண்ணில் இறங்கும் என்பது எபிங்ஹாஸ் 1885-இல் மறதியை அளந்த காலத்திலிருந்தே உளவியல் அறிந்தது. இரண்டு நாள் பட்டறை அச்சத்தைப் போக்கும், வாசலைத் திறந்துவிடும். உள்ளே போய்க் குடியேற வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் என்று சில மாதங்கள் வேண்டும்.

அந்த மாதங்களைப் பெரும்பாலோர் காணொளி பார்த்தே கழிக்கிறார்கள். ஒருவர் சரளமாக நிரல் எழுதுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மூடியதும் கை ஓடுவதில்லை. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் 2006-இல் உரைநடைப் பத்திகளை வைத்துச் செய்த சோதனை இந்த ஏமாற்றத்தை எண்ணில் காட்டுகிறது. பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. காணொளியைப் பாதியில் நிறுத்தி, திரையை மறைத்து, அடுத்த வரியைத் தாளில் எழுதிப் பார்ப்பவர் தான் மெதுவாகப் போவதாக உணர்வார். அவர்தான் முன்னால் போகிறார்.

வயதைப் பற்றிய அச்சத்துக்கும் பதில் உண்டு. பிலிப் குவோ 2017-இல் வெளியிட்ட ஆய்வில் நிரல் கற்கும் 504 பேர் பதிலளித்தார்கள், 52 நாட்டினர், வயது 60 முதல் 85 வரை. மூளையைத் துருப்பிடிக்காமல் வைத்துக்கொள்ள, இளமையில் தவறவிட்டதைப் பிடிக்க, வீட்டு இளையவர்களோடு பேச ஒரு பொருள் கிடைக்க என்று காரணங்கள் சொன்னார்கள். மறதியைப் பற்றிச் சொன்னார்கள்தான். அதோடு சேர்த்து, கேட்க ஆசிரியர் இல்லை, கூடப் படிக்க ஆள் இல்லை, நேற்றுக் கற்ற மென்பொருள் இன்று மாறிவிட்டது என்றும் சொன்னார்கள். இந்தப் பிந்தைய மூன்றுக்கும் மூளையோடு சம்பந்தமில்லை.

கணக்கில் புலியாக இருந்தால்தான் முடியும் என்பதும் தளர்ந்துவருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷான்டெல் பிராட் குழு 2020-இல் வயது வந்த 36 பேருக்குப் பைதான் என்ற நிரல்மொழியைக் கற்பித்து, யார் எவ்வளவு கற்றார் என்ற வேறுபாட்டை எவை விளக்குகின்றன என்று பார்த்தது. புதிய சிக்கலைக் கையாளும் அறிவும் செயல்நினைவும் 34 விழுக்காட்டை விளக்கின. மொழி கற்கும் திறன் 17. எண் அறிவு வெறும் 2. சிறிய ஆய்வு, இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு இது தடை போடும்.

மொழி என்று வந்த பிறகு தமிழரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. குவோவே 2018-இல், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத 840 பேரிடம் கேட்டார்; 86 நாடுகள், 74 தாய்மொழிகள். பாடம் ஆங்கிலம், பிழைச் செய்தி ஆங்கிலம், உதவி கேட்க வேண்டியதும் ஆங்கிலம். பலர் இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டிருந்தார்கள். நான்கு இடமுள்ள மேசையில் இரண்டை ஆங்கிலம் முன்பதிவு செய்துவிடுகிறது. சயமிந்து தாஸ்குப்தா, பெஞ்சமின் மாகோ ஹில் இருவரும் 2017-இல், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் ஸ்க்ராட்ச் என்ற மொழியின் ஐந்து நாட்டுப் பயனர்களை ஆராய்ந்தபோது, தம் நாட்டு மொழியில் கட்டளைகளைப் பார்த்தவர்கள் புதிய கருத்துகளை வேகமாகக் கையாளத் தொடங்கினார்கள் என்று கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது இளையவர்களை. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன். பைதானின் கட்டளைச் சொற்களை மாற்ற முடியாது. ஆனால் 2008-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்கு ‘மழை’, ‘கூலி’, ‘வட்டி’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். முதல் மாதத்தில் அப்படி வைக்கச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னும் ஆழமான இடம் ஒன்று இருக்கிறது. ஜெஃப்ரி போனரும் எலியட் சோலோவேயும் 1985-இல், புதியவர்களின் தவறுகளில் பல அவர்கள் பேசும் மொழியிலிருந்து வருகின்றன என்று காட்டினார்கள். ஆங்கிலப் பேச்சில் ‘வொயில்’ என்றால் ஒரு நிலை நீடிக்கும் காலம் முழுவதும். நிபந்தனை பொய்யான அந்தக் கணத்திலேயே லூப் அறுந்துவிடும் என்று அவர்கள் எண்ணினார்கள். கணினியோ ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மட்டுமே நிபந்தனையைப் பார்க்கிறது. ஆங்கிலேயருக்கே ஆங்கிலக் கட்டளை பொறி வைக்கிறது.

தமிழருக்கு எங்கே பொறி? முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி இதை யோசிக்க நல்ல இடம். அதில் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ என்ற கட்டளை அதன் பின்னால் வரும். ‘மழை பெய்தால்’ என்று நாம் ஈற்றில் நிபந்தனையை வைப்பதுபோலவே. ஆங்கிலத்தை ஒட்டிய நிரல்மொழிகளில் ‘இஃப்’ முதலில் வந்து நின்று நம் வாக்கியத்தைத் தலைகீழாக்குகிறது. அதே எழிலில் லூப்புக்குரிய சொல் ‘வரை’. நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை சுற்று என்று பொருள். ஆனால் தமிழில் ‘வரை’ இரண்டு பக்கமும் சாயும். ‘உயிர் இருக்கும் வரை’ என்றால் இருக்கிற காலம் முழுவதும். ‘பேருந்து வரும் வரை’ என்றால் வராத காலம் முழுவதும். முதல் லூப்பைச் சொல்லிக்கொடுக்கும் நாளில், கணினியைத் திறக்கும் முன், கரும்பலகையில் ‘மழை பெய்யும் வரை திண்ணையில் நில்’ என்று எழுதி, இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறதா இல்லையா என்று வகுப்பைக் கேட்கலாம். பாதிப் பேர் பெய்கிறது என்பார்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள். அவர்களைப் பக்கத்துக்குப் பக்கம் உட்காரவைத்து விவாதிக்க விட வேண்டும்.